அடுப்படிக்கு மரத் தரை வேண்டுமா?

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. வாசல் கதவுக்கு என்ன மரம் என்று ஆறு மாதம் ஆலோசனை நடக்கும். கூடத்துக்கு எந்த விளக்கு என்று குடும்பமே கூடி விவாதிக்கும். பூஜை அறைக் கதவில் எத்தனை மணி தொங்க வேண்டும் என்பதில்கூட அபிப்பிராய பேதம் உண்டாகி, இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்று போவதுண்டு. ஆனால் அடுப்படித் தரை என்று வந்துவிட்டால், "கூடத்துக்கு வாங்கினதில் மிச்சம் இருக்குமே, அதையே போட்டு முடியுங்கள்" என்று கொத்தனாரிடம் ஒரே வாக்கியத்தில் காரியம் தீர்ந்துவிடும். அந்தத் தரையில் தினம் நான்கு மணி, ஐந்து மணி நேரம் வெறுங்காலுடன் நிற்கப் போகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சமீப காலமாக இதில் ஒரு சிறு மாறுதல் தென்படுகிறது. மதுரையில் கே.கே. நகர், திருநகர் போன்ற இடங்களில் புதிதாக வீடு கட்டும் குடும்பங்களில், "அடுப்படிக்கு மரத் தரை போட்டால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாள்தான். டொரன்டோவிலோ, நியூ ஜெர்ஸியிலோ இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருப்பார். "அங்கே காலையிலிருந்து ராத்திரி வரை நின்றேன், கால் வலி என்பதே தெரியவில்லை. இங்கே வந்து பத்து நாளில் குதிகால் குத்துகிறது" என்பார். இதை வெளிநாட்டு மோகம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. அந்த அம்மாளின் குதிகால் பொய் சொல்லவில்லை.

மரத் தரைக்குச் சில சிலாக்கியங்கள் உண்டு என்பது வாஸ்தவமே. கால் பட்டதும் 'சில்' என்று இராது; சுடவும் சுடாது. கைதவறிய பீங்கான் கிண்ணம் சில சமயம் உடையாமல் தப்பிக்கும். எவர்சில்வர் தட்டு விழுந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காலுக்குச் சற்று விட்டுக் கொடுக்கும். கல்லும் சிமெண்டும் அப்படி விட்டுக் கொடுப்பதில்லை. அந்தப் பிடிவாதத்தைத்தான் நம் முழங்காலும் இடுப்பும் வாங்கிக் கொள்கின்றன.

ஆனால் அந்த விட்டுக் கொடுக்கும் குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியிருப்பு வீடுகளின் உடம்பே பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனது. வரிசையாக உத்தரங்கள் போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்து, அதற்கும் மேலேதான் நாம் பார்க்கும் வழவழப்பான தரை. அடியில் வெற்றிடம். நடக்கும்போது முழுத் தரையும் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து கொடுக்கிறது. மதுரையிலோ அந்த முக்கால் அங்குலப் பலகையைக் கெட்டியான கான்கிரீட்டின்மேல் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள், அல்லது மெல்லிய ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் பொருத்துவார்கள். பார்வைக்கு நியூ ஜெர்ஸிதான். காலுக்கு மட்டும், அநேகமாகப் பழைய கான்கிரீட்டேதான். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களில் பலருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

சூட்டு விஷயமும் அப்படியே. கல் தரை உள்ளங்கால் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக் கொள்கிறது. மரம் அப்படிச் செய்வதில்லை. பனி பெய்யும் ஊரில் கல்லின் இந்தக் குணம் தண்டனை. சித்திரை வெயிலில் அனல் அடிக்கும் மதுரையில் அதுவே வரப்பிரசாதம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாட்டி பாயைக்கூட விரிக்காமல் வெறுந்தரையில் தலையைச் சாய்ப்பதன் ரகசியம் அதுதான்.

இனி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

நம் அடுப்படியில் தண்ணீர் எங்கே இல்லை? அரிசி களைகிறோம். கீரை அலசுகிறோம். மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவுகிறோம். கழுவிய தண்ணீரில் கால் பங்கு தரைக்கு என்று விதி. குடத்தில் பிடித்து வரும் தண்ணீர் வழி நெடுகச் சிந்துகிறது. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வந்தால் வாளித் தண்ணீரை வீசி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுகிறோம். வீசி ஊற்றினால்தான் சுத்தம் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் தீர்மானம். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதை அவர்கள் சுத்தத்தோடு சேர்ப்பதே இல்லை.

மரம் தண்ணீர் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாற்றம் தெரியாது. ஆகவே, பலகைகளின் விளிம்பு மேலெழும்பி நடு பள்ளமாகும், அல்லது பலகைக்கும் பலகைக்கும் இடையே சந்து விழும். தண்ணீரை ஊற்றக்கூட வேண்டாம். காற்றில் உள்ள ஈரமே போதும். நம் பிரதேசத்தில் பங்குனி, சித்திரையில் காற்று உலர்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஆடிப் பெருக்கில் சரியாக மூடிய ஜன்னல் கதவு தீபாவளிக்கு மூட மறுப்பதைப் பார்த்திருப்பீர்களே! தரையில் உள்ள பலகைக்கும் அதே சுபாவம்தான். கோடையில் விழுந்த சந்தில் கடுகும் ரவையும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால், அவற்றைத் தேடி எறும்பு வரும்.

எறும்பு வந்தாலும் பரவாயில்லை, கறையான் வந்தால்? மதுரையைச் சுற்றியுள்ள மண்ணில் கறையானுக்குக் குறைவில்லை. வெட்டவெளியில் புற்று எழுப்புவது போதாதென்று, சுவரோரமாக மண் குழாய் கட்டிக் கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். தேக்கை அது தொடாது என்று தைரியம் சொல்வார்கள். அது பாதி உண்மை. வைரம் பாய்ந்த தேக்கில் உள்ள இயற்கை எண்ணெய்ப் பசை கறையானுக்குப் பிடிக்காது. வைரம் பாயாத வெளிப் பகுதிக்கு அந்தக் காவல் கிடையாது. இரண்டையும் கலந்து அறுத்து, ஒரே வர்ணம் பூசி விற்றால் ஆசாரிக்குத் தெரியுமே தவிர நமக்குத் தெரியாது. ஆகவே தரையில் மரம் போட எண்ணுகிறவர்கள், அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்குக் கறையான் மருந்து அடித்திருக்கிறதா என்று கேட்டுக் கொள்வது நல்லது. அடுப்படியில் மருந்து அடிப்பது என்பதே பிறகு பெரிய சங்கடம்.

இவ்வளவும் நிஜ மரத்தைப் பற்றிய பேச்சு. கடையில் 'மரத் தரை' என்று குறைந்த விலையில் காட்டுவது பல சமயம் நிஜ மரமே அல்ல. மரத் தூளையும் நாரையும் பசையோடு சேர்த்து அழுத்திய அட்டை. அதன்மேல் மரத்தின் புகைப்படம் அச்சிட்ட காகிதம். அதற்கும் மேல் தேயாத ஒரு கண்ணாடிப் பூச்சு. மேலே சிந்தியதை உடனே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. மூட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், ரஸ்க்கைப் போல் ஊறிவிடும். ஊறியது திரும்பி அடங்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் கருவியின் குழாய் ஒன்று ராத்திரி முழுவதும் சொட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் தரையில் ஒரு சிறு மலைத்தொடர் உற்பத்தியாகியிருந்தது. "புகைப்படத்துக்குக்கூடச் சுருக்கம் விழுமென்று இப்போதுதான் தெரிந்தது" என்றார் வீட்டுக்காரர். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மரத்தின் அருமை தெரியாதவர்களா நம் முன்னோர்? காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். பர்மாவில் வியாபாரம் செய்தபோது அங்கிருந்து தேக்கைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து தூண், கதவு, விட்டம், மச்சு என்று இழைத்தவர்கள் அவர்கள். தரைக்கோ பளிங்கும், ஓடும், கல்லும் தேடினார்கள். பின்கட்டு அடுப்படித் தரைக்கு மரம் போடவில்லை. பணம் இல்லாமலா? கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை மர வேலைக்குப் பேர் போனது. அங்கேயும் மாடியில் மரத் தளம் உண்டு; ஆனால் கீழ்த் தளங்களில் முகம் தெரியும்படி மினுங்குவது சுண்ணாம்பு, கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்த்து இழைத்த கறுப்புத் தரை என்கிறார்கள். மரத்திலேயே வீடு கட்டி வாழ்ந்த ஜப்பானியரைச் சொல்லுங்கள் என்பீர்கள். அவர்களுடைய பழைய வீடுகளில் அடுப்பு எரிக்கவும் தண்ணீர் புழங்கவும் கெட்டித்த மண் தரையாக ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார்கள். அதை ஒட்டி, ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில்தான் பலகைத் தளம். நெருப்பும் நீரும் கீழே, மரம் மேலே.

இத்தனையும் சொன்ன பிறகு, மரத்தைத் தள்ளிவிட்டு வழக்கமான பளபளப்பு டைலையே போட்டுவிடலாம் என்று யாராவது கிளம்பினால், அது இதைவிடப் பெரிய தவறு. மரத் தரை வேண்டும் என்ற ஆசை பிறந்ததே இந்த டைலின் கொடுமையால்தான். தண்ணீரை அது உறிஞ்சாது என்பது மெய். விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவிகிதம் தண்ணீரைக்கூட ஏற்பதில்லை. ஏற்காத தண்ணீர் எங்கே போகும்? மேலேயே நிற்கும். அதோடு தாளிக்கும்போது தெறித்த நாலு சொட்டு எண்ணெயும் சேர்ந்தால் போதும். போர்த் தண்ணீரின் உப்பு படிந்து பளபளப்பு மங்கும். வழுக்கல் மட்டும் மங்காது.

இளம் வயதில் வழுக்கினால் எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்துக் கொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு மெலியத் தொடங்குகிறது. அறுபத்தைந்து, எழுபது வயதில் ஒரு சின்ன வழுக்கல் இடுப்பு எலும்பை முறித்துவிடக்கூடும். அப்புறம் அறுவை சிகிச்சை, மாதக் கணக்கில் படுக்கை. பழையபடி தனியாக நடமாட முடியாமலே போகிறவர்களும் உண்டு. கூடத்தின் சோபாவிலிருந்து யாரும் வழுக்கி விழுவதில்லை. ஈரமும் எண்ணெயும் அவசரமும் ஒன்றாகச் சேரும் இடம் அடுப்படிதான். ஆகவே வீட்டில் எந்தத் தரைக்காவது யோசனை செய்ய வேண்டுமானால் முதலில் இந்தத் தரைக்குத்தான் செய்ய வேண்டும்.

டைல்தான் என்று முடிவு செய்தால், பளபளப்பு இல்லாத, சற்றுச் சொரசொரப்பான ரகத்தைக் கேளுங்கள். பெட்டியின்மேல் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று ஒரு குறியீடு இருந்தால் கவனியுங்கள். எண் ஏற ஏற வழுக்கல் குறைவு. 13 வரை உண்டு. அடுப்படிக்குப் பத்து அல்லது பதினொன்று போதும். அதற்கு மேல் போனால் அழுக்கைத் தேய்த்து எடுக்கும் பாடு பெரும்பாடு. இந்தக் குறியீடு ஜெர்மானியர்களின் ஏற்பாடு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் பூட்ஸ் காலோடு ஒருவரை நடக்கச் சொல்லிக் கணக்கிடுகிறார்கள். நம் வீட்டில் பூட்ஸ் போட்டுக் கொண்டு யார் ரசம் வைக்கிறார்கள்? ஆகவே கடையிலேயே ஒரு டைலைக் கீழே வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டு ஏறி நின்று பாருங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பார்க்கட்டும்.

டைலை விட்டால் வேறு கதியில்லை என்பதும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் மதுரையில் பல வீடுகளில் காவித் தரைதான். சிமெண்டில் சிவப்புக் காவிப் பொடி கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை. கை தேர்ந்த கொத்தனார் போட்டு, ஈரம் காயாமல் பதமாக ஊறவிட்டால், வருஷம் ஆக ஆக வழவழப்பு ஏறும். அவசரப்பட்டால் வெடிப்பு ஓடும். அடியில் நிரப்பிய மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல் விட்டாலும் அதே கதி. கரிசல் மண் பகுதியில் இந்த ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டும். இன்றைக்கு இதில் பெரிய குறை, வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதுதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்தக் குறை இல்லை. மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆத்தங்குடி. அங்கே இந்தக் கல் தயாராவதை ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம்; சட்டத்துக்குள் பூவோ கொடியோ வளைத்த உலோக அச்சு. அதன் அறைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார், தோசைக்கு மாவு ஊற்றுகிற லாவகத்தில். அச்சைத் தூக்கினால் வர்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை வைத்து மட்டம் செய்கிறார். பிறகு தண்ணீரில் ஊற வைப்பதும் வெயிலில் உலர்த்துவதும். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடியிலிருந்து கல் பிரியும்போது, கண்ணாடியின் மினுமினுப்பைத் தன் முகத்தில் வாங்கிக் கொண்டு வருகிறது.

அடுப்படிக்கு இது ஏற்றதுதானா? கால் பட்டால் குளுமை. புழங்கப் புழங்க மெருகு. ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டியது ஒன்றுண்டு. காவித் தரையானாலும் ஆத்தங்குடிக் கல்லானாலும் அடிப்படையில் சிமெண்டு. சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறும் புளிக் கரைசலும் அப்படியே கிடந்தால் தடம் விழும். மஞ்சள் கறை எளிதில் போகாது. குளியலறைக்கு வாங்கிய அமிலத்தை இதில் ஊற்றினால் அதோடு தரை தீர்ந்தது. கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல் இனம்தான். அதற்கும் இதே பத்தியம். சிந்தினால் உடனே துடைக்கிற வீடு என்றால் தாராளமாகப் போடலாம். தேங்காய் எண்ணெய்த் துணியால் மெருகு ஏற்றுவதை மட்டும் அடுப்படியில் அளவோடு வைத்துக் கொள்ளுங்கள். அழகு ஏறும், கூடவே வழுக்கலும் ஏறும்.

எந்தத் தரையானாலும் வாட்டம் முக்கியம். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வைத்தால்தான் ஊற்றின தண்ணீர் மூலையில் உள்ள போக்கு வழிக்கு ஓடும். பழைய வீடுகளில் அங்கணம் என்று ஒன்று இருந்தது. இப்போது கட்டும் அடுக்குமாடிகள் பலவற்றில் அடுப்படியில் தண்ணீர் போக ஒரு துவாரம்கூட விடுவதில்லை.

அது சரி, கால் வலிக்கு என்ன வழி? அதைக் கேட்டுத்தானே அந்த அம்மாள் ஆரம்பித்தார்!

யோசித்துப் பார்த்தால் அடுப்படியில் மரம் எப்போதும் இருந்துதான் வந்திருக்கிறது. தரையாக அல்ல, மணையாக. நம் பாட்டிமார் நின்று சமைக்கவில்லை. தரையில் மணையைப் போட்டு உட்கார்ந்தார்கள். அரிவாள்மணை, அம்மி, அடுப்பு எல்லாம் தரை மட்டத்தில் இருந்தன. இந்த நாட்டில் காஸ் அடுப்பு வீடுகளுக்குள் நுழைந்தது 1955-க்குப் பிறகு. அது பரவப் பரவ, மேடை இடுப்பு உயரத்துக்கு ஏறியது. நாமும் எழுந்து நின்றோம். குனிந்து புகையை ஊதும் கஷ்டம் தீர்ந்தது, நல்லதுதான். ஆனால் உட்காருகிறவளுக்காக வந்த மணை நிற்கிறவளுக்கு உபயோகமில்லை என்று பரணுக்குப் போய்விட்டது.

அதை வேறு உருவத்தில் இறக்கிக் கொள்ளலாம். மேடைக்கு முன்னால், நிற்கிற இடத்தில் மட்டும், மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பலகைத் தட்டு. தேக்கோ வேம்போ, வைரம் பாய்ந்த ரீப்பர்களை விரல் நுழையாத இடைவெளி விட்டு இரண்டு குறுக்குச் சட்டத்தில் அறைந்தால் ஆயிற்று. அடியில் நான்கு மூலைக்கும் ரப்பர்க் குமிழ் அவசியம். அதுதான் நழுவாமல் பிடித்துக் கொள்ளும், கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். நியூ ஜெர்ஸித் தரையின் அசைவு ஓரளவாவது இங்கே கிடைக்கிறது. சிந்தின தண்ணீர் சந்து வழியாகக் கீழே போய்விடும். தட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையை ஆசை தீரக் கழுவலாம். வாரம் ஒரு முறை மாடி வெயிலில் காயப் போட்டால் பூஞ்சணமும் பிடிக்காது, கறையானும் குடியேறாது. உயரம் ஓர் அங்குலத்துக்கு மிஞ்ச வேண்டாம். வயதானவர்கள் உள்ள வீட்டில் இது காலைத் தடுக்கக்கூடும். அங்கே தட்டுக்குப் பதில், ஓரம் சரிந்த கனமான ரப்பர் விரிப்பு தேவலை.

இவ்வளவுக்கும் பிறகும், "எனக்கு மரத் தரைதான் வேண்டும்" என்கிறவர்கள் இருக்கலாம். அவர்கள் வீடு, அவர்கள் இஷ்டம். பாத்திரம் தேய்ப்பதும் மாவு அரைப்பதும் பின்பக்கத்துத் தனி இடத்தில், அடுப்படியில் ஈரத் துணியால் துடைப்பது மட்டுமே வழக்கம் என்ற வீடுகளில், நல்ல தேக்குத் தரை வருஷக் கணக்கில் நிற்கும். தொட்டியைச் சுற்றி மூன்றடிக்குக் கல்லோ டைலோ போட்டு, மற்ற இடத்துக்கு மரம் என்று பங்கு பிரிக்கலாம். காஸ் சிலிண்டரை உருட்டவோ இழுக்கவோ கூடாது, 14.2 கிலோ காஸும், அதைத் தாங்கும் இரும்பின் எடையுமாகச் சேர்ந்து ஒரே இழுப்பில் மெருகில் கோடு போட்டுவிடும். மரம் மாதிரி அச்சிட்ட, சுண்ணாம்புக் கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளும் கிடைக்கின்றன. தண்ணீருக்கு அவை அசையமாட்டா. ஆனால் இறக்கிய வாணலியை ஒரு நிமிஷம் தரையில் வைத்தால் வட்டமாக ஒரு முத்திரை விழுந்து, அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஏற்கெனவே மரத் தரை போட்டுவிட்டவர்கள் பெயர்த்து எடுக்க வேண்டியதில்லை. தொட்டிக்கு அடியில் குழாய் மூட்டுகளை மாதம் ஒரு முறை தடவிப் பாருங்கள். கிரைண்டரைத் தட்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சந்துகளை மெழுகோ பசையோ கொண்டு மழைக் காலத்துக்கு முன்பே அடைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் வீசும் வழக்கத்தை மட்டும் நிறுத்தியாக வேண்டும். அதை மாமியாரிடம் யார் போய்ச் சொல்வது என்பதை அந்தந்த வீட்டில்தான் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.